கணக்கறைக்கும் காவல் வேண்டும்

(கோவையில் சிறுதொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் கண்ணாடிக் கட்டடங்களில் இயங்கும் மென்பொருள் நிறுவனங்களைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத் தனித் துறையே வைத்திருக்கிறார்கள். என் கவலை கணபதி, சின்னவேடம்பட்டி, சிட்கோ, அரசூர் பக்கத்துப் பட்டறைகளின் கணக்கறைகளைப் பற்றியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இண்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டர், சாமி படத்துக்குக் கீழே சிசிடிவி பெட்டி. அந்த அறை ஒரு நாள் முடங்கினால் பட்டறையும் முடங்கிவிடும்.

முன்பு அப்படி இல்லை. கம்ப்யூட்டர் பழுதானால் பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்து லாரியை அனுப்பிவிடுவோம். 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸும் கட்டாயமாயிற்று. வேறு இடத்தில் உட்கார்ந்து பில் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் எந்தப் பார்ட்டிக்கு என்ன ரேட், எந்த ஆர்டரில் எவ்வளவு போயிற்று, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்த அறையில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருளில்தானே இருக்கிறது? சரக்கு தயாராக இருக்கும், லாரி வாசலில் நிற்கும், பில் மட்டும் வராது.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "ஏனுங்க, நம்ம பட்டறைல அப்படி என்னங்க இருக்குது, எங்கியோ இருக்கறவன் வந்து திருடிட்டுப் போறதுக்கு?"

கேள்வி நியாயமானது. பதிலையும் நேராகவே சொல்கிறேன். உங்கள் கணக்கு அவனுக்குத் தேவையில்லை. உங்களுக்குத் தேவை. அதைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவியை உங்களிடமே விற்பதுதான் அவன் தொழில். ரேன்சம்வேர் என்பது இதுதான். அவன் உங்களைப் பெயர் சொல்லித் தேடி வருவதும் இல்லை. இண்டர்நெட்டில் இருக்கும் முகவரி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற நிரல்களை ஓட விடுகிறான். திறந்திருக்கிற இடத்தில் நுழைகிறான். நுழைந்த இடம் பம்ப் கம்பெனியா, நூல் மில்லா, கோழித்தீவன ஆலையா என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்கிறான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்திருக்கும் லாரித் தொழில்காரர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் நைட்ஸ் ஆஃப் ஓல்டு என்று ஒரு லாரி நிறுவனம். 1865இல் ஒரு மனிதர் குதிரை வண்டியோடு ஆரம்பித்தது. கே.என்.பி. என்ற குழுமத்தின் கீழ் ஏறத்தாழ 500 லாரிகளாக வளர்ந்திருந்தது. 2023இல் அகிரா என்ற கும்பல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியது. ஊழியர் ஒருவருடைய பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பின்னர் சொன்னார்கள். கணக்கைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கணக்கு இல்லாத நிறுவனத்துக்குக் கடன் கொடுக்க யார் முன்வருவார்கள்? சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு உலகப் போர்களைத் தாண்டி 158 ஆண்டு ஓடிய நிறுவனம் அது.

நம் பக்கத்தில் திருடன் நுழையும் வழிகளில் முதன்மையானது எது? முதலாளி வீட்டிலிருந்தே டேலியைப் பார்க்க ஆசைப்படுகிறார், அல்லது ஆடிட்டர் ஆபீசிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டுப் போகிறார். ரிமோட் டெஸ்க்டாப், போர்ட் எண் 3389. அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் நிரல்கள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. பாஸ்வேர்டு கம்பெனி பெயரோடு 123 என்று இருந்தால் அதை ஊகிக்க ஒரு நிரலுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த வழியை இன்றே அடைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் வி.பி.என். வழியாக, செல்போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்போடு வரட்டும். விலை கொடுக்காமல் வாங்கிப் போட்ட கிராக் மென்பொருள்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூட்டை உடைத்துக் கொடுத்த அந்நியன் அதில் வேறு என்ன வைத்துக் கொடுத்தான் என்பதை நீங்களோ நானோ பார்க்கவில்லை. அதை ஏற்றுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னதும் அவனேதான்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே எடுக்கிறீர்கள்? கம்ப்யூட்டரின் பின்னால் எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்கில். பூட்டுகிறவன் அதையும் சேர்த்தே பூட்டுவான். கூகுள் டிரைவில் தானாக ஏறும்படி வைத்திருந்தால், பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் தானாக ஏறி நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்பைத் தேடி எடுக்கத் தெரிந்தவர் இருந்தால் உண்டு. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று. எடுத்து முடித்ததும் கழற்றி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி டேலி திறக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது கொஞ்சம் மனத்தாங்கல் வரக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டுத் தொழில் நம்பிக்கையில் வளர்ந்தது. போனில் ஒரு வார்த்தை சொன்னால் நூல் மூட்டை நிட்டிங்காரர் வீட்டு வாசலில் இறங்கும். காகிதம் பிறகு வரும். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த மண்ணின் பெரிய முதலே அதுதான். ஆனால் அந்த நம்பிக்கையின் பேரில் நாம் என்ன செய்கிறோம்? இயக்குநருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வருடக்கணக்கில் வேறொருவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை வைத்திருப்பவர் உங்கள் கையெழுத்தைப் போட முடியும். ஜிஎஸ்டியின் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு வந்தது. அந்த ஓடிபியையும் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். டேலியில் நான்கு பேருக்கும் ஒரே லாகின்.

கணக்கரை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்காகத்தான் பேசுகிறேன். நான்கு பேர் ஒரே பெயரில் உள்ளே போகும் கம்பெனியில் ஒரு நாள் பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? பதினைந்து வருடம் நேர்மையாக வேலை செய்த கணக்கர்மேல். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவரிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஆளுக்கொரு லாகின் இருந்தால், எந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து யார் பெயரில் நுழைந்தார்கள் என்ற பதிவு அவரைக் காப்பாற்றும். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்று மாலையே மூடுவதும் அவருக்குச் செய்யும் நன்மைதான். நம்பிக்கைக்குரிய மனிதரைச் சந்தேகத்துக்கு ஆளாக்காமல் இருப்பது முதலாளியின் கடமை.

மெயில் மோசடிக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஏற்றுமதியும் இறக்குமதியும் செய்கிறவர்களுக்கு ரேன்சம்வேரைவிட இதில் போகும் பணம் அதிகமாக இருக்கலாம். அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் இந்த வகை மோசடியில் இழந்ததாக 2023இல் மட்டும் பதிவான தொகை ஏறத்தாழ 290 கோடி டாலர்.

நடப்பது இப்படி. மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு மெயில் வருகிறது. உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்திப் பாஸ்வேர்டு கொடுங்கள் என்கிறது. வேலை மும்முரத்தில் கொடுத்துவிடுகிறார். எதுவும் நடப்பதில்லை, அவரும் மறந்துவிடுகிறார். உள்ளே வந்தவன் எதையும் தொடுவதில்லை. வருகிற மெயில் எல்லாவற்றிலும் தனக்கொரு பிரதி வரும்படி ஒரு விதியை அமைத்துவிட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து வாசிக்கிறான். யார் வாங்குகிறார், என்ன ஸ்டைல், எத்தனை ஆயிரம் பீஸ், எந்தத் தேதியில் கப்பல் ஏறுகிறது, நீங்கள் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பீர்கள், எப்படி முடிப்பீர்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படியாகிவிடும். உங்கள் கம்பெனிப் பெயரைப் போலவே ஒரு முகவரியைப் பதிவு செய்துகொள்கிறான். ஆங்கில 'எம்' எழுத்து இருந்த இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுவான். செல்போன் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறி, பில் ஆஃப் லேடிங் போய்ச் சேர்ந்து, வாங்குபவர் பணம் அனுப்பத் தயாராகும் நாளில் அந்தப் போலி முகவரியிலிருந்து மெயில் போகிறது. எங்கள் வழக்கமான கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். இன்வாய்ஸ் எண் சரியாக இருக்கிறது, தொகை சரியாக இருக்கிறது, நீங்கள் வழக்கமாக எழுதும் வணக்கம்கூட அப்படியே இருக்கிறது. அவர் அனுப்பிவிடுகிறார். பத்து நாள் கழித்து நீங்கள் "பேமெண்ட் வரலீங்களே" என்று கேட்கும்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிய வருகிறது. சரக்கு அவரிடம் போய்விட்டது, பணம் மூன்று நாடு தாண்டிவிட்டது. உங்கள் மெயில் வழியாகத்தானே வந்தான் என்று அவர் சொல்வார், சரிபார்க்காமல் ஏன் அனுப்பினீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். பத்து வருட உறவு அங்கே முறிந்துபோகும். தைவானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ மெஷின் வாங்க முன்பணம் கட்டும்போது இதே கதை திரும்பி நடக்கும். அப்போது பணம் இழப்பவர் நீங்கள்.

உள்நாட்டில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாக அனுப்பும்போது பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வெளிநாட்டுப் பணமாற்றத்தில் அப்படியொரு பாதுகாப்பை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே வங்கிக் கணக்கு மாறியது என்று மெயில் வந்தால் போனை எடுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் பல வருடமாக இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுத் தெரிந்த குரலில் கேளுங்கள். பெரிய தொகை ஒருவர் அழுத்தி வெளியே போகக் கூடாது, இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கணக்கு எண் மெயில் வழியாக ஒருபோதும் மாறாது என்று உங்கள் இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள். உங்கள் டொமைன் பெயரையே போட்டு வேறொருவர் மெயில் அனுப்புவதைத் தடுக்க டிமார்க் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அதற்குத் தனியாகக் காசு கிடையாது. மெயிலைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

போன தலைமுறைக் கணக்குப்பிள்ளைகளின் பழக்கம் ஒன்று இதில் எவ்வளவு உதவும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6 அன்று வங்கிகள் தங்களுக்குள் பணமாற்ற உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் இணைப்பு வழியாக, வங்கிக்குத் தெரியாமல் மூன்று பணமாற்ற உத்தரவுகள் வெளியே போயின. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர், துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசையில். போனதற்கான ஒப்புகை அச்சாகிவிடக் கூடாது என்பதற்காகப் பிரிண்டரையே செயலிழக்கச் செய்திருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலரை எடுத்துச் சென்றவர்களும் இதே பிரிண்டர் உத்தியைக் கையாண்டார்கள். அங்கே வார விடுமுறை குறுக்கிட்டதால் தெரிய வரத் தாமதமாயிற்று. கும்பகோணத்தில் மறுநாள் காலையே கணக்கை நேர் பார்த்தபோது மூன்று உத்தரவும் பிடிபட்டன. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. தினமும் காலையில் வங்கிக் கணக்கையும் நம் கணக்கையும் ஒத்துப் பார்ப்பதை நான் பாதுகாப்பு ஏற்பாடுகளில் முதல் வரிசையில் வைப்பேன். மாதக் கடைசியில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஷாப் ஃப்ளோர். சிஎன்சி மெஷினும் விஎம்சியும் இருபது வருடம் உழைக்கும். அவற்றோடு வந்த விண்டோஸ் அவ்வளவு காலம் உழைக்காது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். மெஷின்காரர் கொடுத்த மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும், மாற்ற முடியாது. சரி, மாற்ற வேண்டாம். ஆனால் அதைக் கணக்கறைக் கம்ப்யூட்டரோடு ஒரே வலையில் கோக்காதீர்கள். சிசிடிவிக்கும் இதையே சொல்வேன். செல்போனில் பட்டறையைப் பார்ப்பதற்காக இண்டர்நெட்டில் திறந்துவிட்ட கேமரா பெட்டிகளைத்தான் 2016இல் மிராய் என்ற நிரல் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான் அதற்கு வழி. கேமராவுக்கு ஒரு வலை, மெஷினுக்கு ஒரு வலை, கணக்குக்கு ஒரு வலை என்று பிரித்துத் தரக்கூடிய ஸ்விட்ச் உங்கள் ஒரு மெஷினின் ஒரு வருடப் பராமரிப்புச் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

பிரித்து வைத்தால் என்ன நன்மை என்பதைக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பார்த்தோம். 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் கழகம், அங்கே நிர்வாக வேலைக்காக இண்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு அந்த வலையோடு தொடர்பே இல்லாமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. உலகின் மிகப் பெரிய சிப் தயாரிப்பாளரான தைவானின் டிஎஸ்எம்சியில் வேறு விதமாக நடந்தது. 2018 ஆகஸ்டில் புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமலே வலையில் சேர்த்தார்கள். அதிலிருந்து வான்னாகிரை என்ற ரேன்சம்வேரின் ஒரு வகை பரவி ஆலைகளில் உற்பத்தி நின்றது. வான்னாகிரை நுழையும் ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, 2017 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. புது மெஷின் வந்தால் பூஜை போடுவோம். அதற்கு முன் அதன் கம்ப்யூட்டரையும், மெக்கானிக் சட்டைப் பையில் கொண்டுவரும் பென் டிரைவையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பட்டறை தன் சுவருக்குள் செய்துகொள்ள வேண்டியது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

கொங்கு நாட்டில் எந்தப் பொருளும் ஒரே கூரைக்குள் உருவாவதில்லை. ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர்டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயன் என்று பல வாசல்களைத் தாண்டுகிறது. ஒரு பம்ப் என்றால் ஃபவுண்டரி ஓரிடம், லேத் ஓரிடம், ஒயிண்டிங் ஓரிடம். ஜாப் ஒர்க் என்ற இந்தச் சங்கிலிதான் நம் பலம். ஆனால் இன்று சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் மெயிலாலும் வாட்ஸாப்பாலும் ரிமோட் இணைப்பாலும் கட்டப்பட்டிருக்கின்றன. பெரியவர் தன் வாசலில் எவ்வளவு காவல் போட்டாலும், சிறியவர் வீட்டு வாசல் திறந்திருந்தால் போதும்.

2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 ஆலைகளையும் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல. பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் கோஜிமா என்ற நிறுவனம். அதற்குள்ளும் தாக்கியவர்கள் நேரே வரவில்லை, அதன் துணை நிறுவனம் வெளியாரோடு பேச வைத்திருந்த ரிமோட் கருவி வழியாக வந்தார்கள். ஒரு நாள் நிறுத்தத்தில் ஏறத்தாழ 13,000 கார்கள் வரவில்லை.

எதிர்த் திசையிலும், பெரியவரிடமிருந்து சிறியவருக்கும், அடி விழும். 2025 ஆகஸ்ட் கடைசியில் டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் தாக்கப்பட்டு, பிரிட்டன் ஆலைகளில் ஐந்து வாரம் போல உற்பத்தி நின்றது. அந்த நாட்டுப் பொருளாதாரத்துக்கு 190 கோடி பவுண்டு நட்டம் என்றும், பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000க்கு மேல் என்றும் அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அந்த 5,000இல் நம்மைப் போல இருபது பேர், ஐம்பது பேரை வைத்து உதிரிபாகம் செய்கிறவர்கள்தான் முதலில் திணறினார்கள். பெரிய நிறுவனத்துக்கு அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. கூலி கொடுக்கக் கையில் காசில்லாத சிறு பட்டறைக்கு அது எப்போது வந்து சேரும்?

ஆகவே இதைத் தனித்தனியாகச் செய்து முடிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்புப் பொறியாளர் ஒருவரை முழுச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள முப்பது பேர் வேலை செய்யும் பட்டறையால் முடியாது. நூறு பட்டறைகள் சேர்ந்தால் ஒரு குழுவையே வைத்துக்கொள்ளலாம். இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1956இல் மில்கள் சேர்ந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கின. 1952இல் பிறந்த பொறியியல் தயாரிப்பாளர் சங்கமான சீமா, பம்புகளைச் சோதிக்க சிடார்க் என்ற மையத்தைக் கொண்டுவந்தது. 1969இல் தொடங்கிய சிறுதொழில் சங்கமான கொடிசியா, கண்காட்சி நடத்த ஒரு வளாகத்தையே கட்டியது.

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். நொய்யல் ஆற்றில் சாயம் கலந்த நாட்களில் ஒவ்வொருவரும் என் பட்டறைத் தண்ணீர் எவ்வளவு, அதனால் என்ன கெட்டுவிடும் என்றுதான் சொன்னோம். ஒரத்துப்பாளையம் அணையில் அது அத்தனையும் சேர்ந்து நின்றது, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலம் கெட்டது. தொண்ணூறுகளிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, அவை போதவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அந்த நிலையங்கள் மாறின. தனியாக ஒரு சிறு சாயப்பட்டறையால் அந்தச் செலவைத் தாங்கியிருக்கவே முடியாது, சேர்ந்ததால் முடிந்தது. அதற்காக ஒரு தீர்ப்பு வரும்வரை காத்திருந்ததில் எத்தனை குடும்பங்கள் சிதறின என்பது இங்கிருக்கும் பலருக்கு நேரிலேயே தெரியும். இந்த விஷயத்திலும் அடி விழும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

சங்கங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காவல் மையம் அமைக்கட்டும். உறுப்பினர்களின் வலைகளிலிருந்து வரும் எச்சரிக்கைகளை இரவு பகல் பார்த்துக்கொள்ள ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் பட்டறைக்கு வரக்கூடிய இரண்டு மூன்று பேர், வருடம் ஒரு முறை ஒவ்வொரு பட்டறையையும் பார்த்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு. அந்தச் சான்றுக்கு வியாபாரப் பயனும் உண்டு. வெளிநாட்டு வாங்குநர்கள் சாயத்தையும் கூலியையும் பற்றிக் கேட்டதுபோல இப்போது கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றியும் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். ஆட்களுக்கும் பஞ்சமில்லை. எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகம் சைபர் பாதுகாப்புக்கென்றே ஒரு மையமும் முதுகலைப் படிப்பும் நடத்துகிறது. பி.எஸ்.ஜி., ஜி.சி.டி., சி.ஐ.டி., குமரகுரு என்று ஊரைச் சுற்றிக் கல்லூரிகள். அங்கே படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்கு இங்கேயே உருப்படியான வேலை கொடுக்கலாம்.

"போட்டிக் கம்பெனிக்காரன் இருக்கற சங்கத்துல நம்ம ரேட்டெல்லாம் போயிருமுங்களே" என்ற பயம் வரும். எழுபது ஆண்டுகளாக ஒன்றோடொன்று போட்டி போடும் மில்கள் தங்கள் உற்பத்தித் திறனையும் செலவையும் சிட்ராவிடம் கொடுத்து, பெயர் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவில்லையா? ஆனாலும் இந்த பயத்தில் வேறொரு உண்மை இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற ஒரே தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. பொதுவான இடம் உடைந்தால் எல்லோருக்கும் உடையும். ஆகவே அந்த மையத்திடம் உங்கள் கணக்கையோ பாஸ்வேர்டையோ கொடுக்கக் கூடாது. அது கண்காணிக்கட்டும், எச்சரிக்கட்டும், ஆபத்தில் வந்து நிற்கட்டும். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாய் திறப்பதில்லை. "வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுருமுங்க." சர்வீஸ் தம்பியைக் கூப்பிட்டு அன்றிரவே ஃபார்மேட் அடித்துவிடுகிறார்கள், சான்றெல்லாம் அதோடு அழிந்துவிடுகிறது. பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அடுத்த வாரம் அதே வழியில் அதே ஆள் வருகிறான். மூடி மறைப்பதால் லாபம் திருடனுக்கு மட்டும்தான். அப்படி நடந்தால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள். பூட்டப்பட்ட டிஸ்கைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஐரோப்பியக் காவல் துறைகள் 2016இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் என்ற திட்டத்தில் பல வகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி அடுத்த வருடம் வரலாம். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கச் சொல்ல அதுதான் வழி, அங்கே ஒவ்வொரு நிமிடமும் காசு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

இங்கே சங்கப் பொறுப்பாளர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் பொதுக் காவல் மையம் என்பதை ஒரு பொருளாகச் சேருங்கள். உறுப்பினருக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஒரு குழு அமையுங்கள். கல்லூரி முதல்வர்களை அழைத்துப் பேசுங்கள். மற்றவர்கள் நாளைக் காலை பட்டறைக்குப் போனதும் பேக்கப் டிஸ்கைக் கழற்றுங்கள், 3389 திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், கணக்கறைச் சுவரில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.